விலங்குக் கூடத்தில் முதல் ஆறு மாதம்: புதிதாகச் சேரும் டெக்னீஷியனுக்கு

மருத்துவக் கல்லூரியிலோ மருந்து ஆய்வு நிறுவனத்திலோ அனிமல் ஹவுஸ் டெக்னீஷியனாக உங்களுக்கு ஆர்டர் வந்திருக்கிறது. விலங்கியல் படித்திருப்பீர்கள், அல்லது லேப் டெக்னாலஜி டிப்ளமோ முடித்திருப்பீர்கள். ஆனால் உயிருள்ள எலியைக் கையில் பிடித்துப் பழக்கம் இருக்காது. சேர்ந்தபோது எனக்கும் இல்லை. 16 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நேரில் சொல்லிக் கொடுப்பதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

கூண்டு கழுவுவது, தீனி போடுவது, தண்ணீர் மாற்றுவது என்று கேட்டால் எடுபிடி வேலை மாதிரித் தோன்றும். ஆய்வாளர் வாரத்தில் ஒரு நாள் வந்து அளவெடுத்துவிட்டுப் போவார். கால்நடை மருத்துவர் சுற்றுக்கு வருவார். தினமும் இரண்டு வேளை அந்தக் கூண்டுக்கு முன்னால் நிற்பவர் நீங்கள்தான். இரவெல்லாம் ஈரத்தில் நடுங்கிய எலியிடம் காலையில் எடுத்த ரத்தத்தில் வருகிற எண் மருந்தைப் பற்றி எதுவும் சொல்லாது, அந்த இரவைப் பற்றித்தான் சொல்லும். அந்த எலி நடுங்காமல் இருந்ததா என்பது உங்கள் பொறுப்பு.

சேருவதற்கு முன்

டெட்டனஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். நாய் வைத்திருக்கும் கூடம் என்றால் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் கேளுங்கள். ஆஸ்துமா, மூக்கொழுக்கு, தோல் அரிப்பு ஏற்கெனவே இருந்தால் மருத்துவப் பரிசோதனையில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முடிந்தால் நுரையீரல் ஊதும் பரிசோதனை ஒன்றைச் செய்து அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டில் எலி, வெள்ளெலி, கினிப்பிக் வளர்த்தால் மேலதிகாரியிடம் சொல்லுங்கள். வெளி எலியிடமிருந்து ஒரு கிருமி உங்கள் துணி வழியாக உள்ளே வந்தால் மொத்தக் கூட்டத்தையும் இழக்க நேரும்.

அப்புறம் சட்டம். முழுதும் படிக்க வேண்டாம், இவ்வளவு தெரிந்தால் போதும். கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தபோது, விலங்கு வதையைத் தடுக்கத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவருவதாகச் சொன்னதால் அதைத் திரும்பப் பெற்றார். அப்படி வந்ததுதான் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அதன் கீழ் விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்க அமைந்த மத்தியக் குழுவைப் பழைய ஆட்கள் சிபிசிஎஸ்இஏ என்பார்கள், இப்போது பெயர் சிசிஎஸ்இஏ. விலங்குகளை வளர்ப்பதற்கும் அவற்றின் மேல் சோதனை செய்வதற்குமான விதிகள் 1998இல் வந்தன. உங்கள் நிறுவனம் அந்தக் குழுவில் பதிவு செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஆய்வும் நிறுவனத்தின் விலங்கு எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். நாய், குரங்கு போன்ற பெரிய விலங்கு என்றால் மத்தியக் குழுவின் அனுமதியும் வேண்டும்.

உங்களுக்கு இதில் நேரடியான வேலை ஒன்று உண்டு. கூண்டு கார்டில் அனுமதி எண் இல்லாவிட்டால், அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஒரு எலி கேட்டால், கொடுக்காதீர்கள். "பெரிய டாக்டர் கேட்கிறார்" என்றாலும் அப்படித்தான். மரியாதையாக, "சார், அனுமதிக் கடிதத்தின் நகல் ஒன்று வேண்டும்" என்று கேளுங்கள். நல்ல ஆய்வாளர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

வாசலில்

குளித்து, கூடத்து உடுப்பு மாற்றி, செருப்பு மாற்றி உள்ளே போக வேண்டும். தலையில் மல்லிகைப்பூ, வாசனை எண்ணெய், சென்ட், விபூதியோடு சேர்ந்து வரும் ஊதுபத்தி வாசனை எல்லாம் வெளியிலேயே நிற்கட்டும். எலியின் உலகம் மூக்கில்தான் இருக்கிறது. ஆண் ஆய்வாளர்களின் வாசனை பட்டாலே எலிகளுக்குப் பதற்றம் கூடுகிறது என்று கனடாவில் 2014இல் கண்டுபிடித்தார்கள். கொலுசு, கண்ணாடி வளையல், சாவிக்கொத்து வேண்டாம். சாவி குலுங்கும்போது நம் காதுக்குக் கேட்காத மிக உயர்ந்த ஒலி எழும், எலிக்கு அது நன்றாகக் கேட்கும்.

அறைகளுக்குப் போகும் வரிசையை முதல் நாளே மனப்பாடம் செய்யுங்கள். சுத்தமான இனப்பெருக்க அறை முதலில், ஆய்வு அறைகள் அடுத்து, புதிதாக வந்த விலங்குகள் இருக்கும் தனிமை அறை கடைசி. புதிய எலிகளைக் குறைந்தது ஒரு வாரம் தனிமையில் வைக்க வேண்டும், குரங்கு, நாய், பூனைக்கு 6 வாரம். தனிமை அறைக்குப் போனபின் "ஒரு பேனா மறந்துட்டேன்" என்று இனப்பெருக்க அறைக்குத் திரும்பக் கூடாது. பேனா அங்கேயே இருக்கட்டும்.

முதல் ஐந்து நிமிடம் எதையும் தொடாதீர்கள்

அறைக்குள் போனதும் கூண்டைத் திறக்காமல் நில்லுங்கள். முதலில் அறையைப் படியுங்கள். சுண்டெலி (மவுஸ்), எலி (ராட்) அறையில் சுமார் 22 டிகிரி, கூடக் குறைய 3 டிகிரி இருக்கலாம். ஈரப்பதம் 30 முதல் 70 சதவீதம். காற்று மணிக்கு 12 முதல் 15 தடவை மாற வேண்டும். விளக்கு 12 மணி நேரம் எரியும், 12 மணி நேரம் அணைந்திருக்கும். இப்போதைய வெப்பத்தை மட்டும் எழுதாதீர்கள், இரவில் எட்டிய உச்சத்தையும் எழுதுங்கள். சித்திரை, வைகாசியில் நள்ளிரவில் ஏசி நின்று விடியற்காலை மறுபடி ஓடியிருந்தால், காலை 8 மணிக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

மூக்கில் அமோனியா நெடி அடித்தால் கூண்டு மாற்ற வேண்டிய நாள் தாண்டிவிட்டது என்று அர்த்தம். உங்கள் மூக்கு அதற்குச் சீக்கிரம் பழகிவிடும். அதனால்தான் உள்ளே வந்த அந்த முதல் மூச்சை நம்பச் சொல்கிறேன்.

இப்போது விலங்குகளைப் பாருங்கள். எலிகள் பகலில் குவிந்து தூங்கும். கூட்டத்தை விட்டு ஒன்று மட்டும் மூலையில் முதுகைக் கூனி, ரோமம் சிலிர்த்து உட்கார்ந்திருந்தால் அதுதான் உங்கள் முதல் நோயாளி. வெள்ளை எலியின் கண்ணைச் சுற்றியும் மூக்கிலும் சிவப்பாக ஏதாவது ஒட்டியிருக்கலாம். புதிதாக வந்தவர்கள் ரத்தம் என்று பதறுவார்கள். கண்ணுக்குப் பின்னால் உள்ள ஒரு சுரப்பியிலிருந்து வரும் நிறமி அது. ரத்தம் இல்லை என்று விட்டுவிடவும் கூடாது. எலி தன்னைத் துடைத்துக்கொள்ளும் நிலையில் இல்லை, நோயோ மன அழுத்தமோ இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். கூண்டு எண்ணைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வலியை முகத்திலேயே படிக்கலாம். சுண்டெலிக்கான முகக்குறி அளவுகோலை 2010இல் வெளியிட்டார்கள். கண் இறுகி மூடியிருக்கிறதா, மூக்கும் கன்னமும் புடைத்திருக்கின்றனவா, காது பின்னால் போயிருக்கிறதா, மீசை வழக்கத்துக்கு மாறாக நிற்கிறதா என்று ஐந்தையும் பாருங்கள். அறுவை சிகிச்சை நடந்த கூண்டுகளில் இதைத் தவறாமல் பார்க்க வேண்டும். எலி வேட்டையாடப்படும் உயிர், ஆள் நிற்கும்போது வலியை மறைத்துக்கொள்ளும். அசையாமல் இரண்டு நிமிடம் நின்றால்தான் உண்மை முகம் தெரியும்.

இப்படிப் பார்த்ததில் மருத்துவத்தின் போக்கே மாறியதும் உண்டு. 1949இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில், ஒரு கூட்டத்தில் சில சுண்டெலிகள் மட்டும் அளவுக்கு மீறிக் கொழுத்திருப்பதைக் கவனித்தார்கள். சினை என்று நினைத்து விட்டுவிடாமல் தனியாக எடுத்து வைத்தார்கள். பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோனுக்கு 1994இல் கொண்டுசேர்த்தது அந்த எலிகளின் வழித்தோன்றல்கள்தான்.

தண்ணீர் பாட்டில்

இதை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நான் சேர்ந்து இரண்டாவது மாதம். மாலையில் பாட்டில்களை நிரப்பி மாட்டிவிட்டுப் போனேன். ஒரு கூண்டில், அடியில் விரிக்கும் உமியை அதிகமாகக் கொட்டியிருந்தேன், பாட்டிலின் குழாய் முனை உமியைத் தொட்டுக்கொண்டிருந்தது. தொட்டால் உமி தண்ணீரை இழுக்கும், பாட்டில் காலியாகும்வரை இழுத்துக்கொண்டே இருக்கும். காலையில் பார்த்தபோது கூண்டில் பாதிக்குத் தண்ணீர். தாய்ச் சுண்டெலி ஒன்று, மேட்டில் இருந்த காகிதத் துணுக்குகளின் மேல் தன் குட்டிகளைத் தூக்கிக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. ஒன்பதில் ஆறு உயிரோடு இருந்தன. அதன் வயிற்று ரோமம் நனைந்து தோலோடு ஒட்டியிருந்தது. குட்டிகளின் மேல் அப்படியே கவிழ்ந்து படுத்திருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை, எவ்வளவு அவசரமானாலும், ஒவ்வொரு குழாய்க்குக் கீழேயும் விரல் விட்டுப் பார்க்காமல் நான் அறையை விட்டு வெளியே வந்ததில்லை.

குழாய் முனைக்கும் உமிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். பாட்டிலைக் கவிழ்த்ததும் சில சொட்டு விழுந்து நிற்க வேண்டும். சொட்டே விழாவிட்டால் குழாயில் காற்று அடைத்திருக்கிறது, முனையை விரலால் தட்டுங்கள். தினமும் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். ஒரு சுண்டெலி நாளுக்கு 5 மில்லி அளவுக்குக் குடிக்கும், 4 அல்லது 5 கிராம் தீனி தின்னும். எலி தன் எடையில் 100 கிராமுக்கு 10 மில்லி குடிக்கும். மட்டம் குறையவே இல்லை என்றால் அடைப்பு அல்லது நோய். திடீரென்று மிக அதிகமாகக் குறைந்தால் கசிவு. சர்க்கரை நோய் ஆய்வில் இருக்கும் எலி என்றால் நோயே காரணமாகவும் இருக்கும், ஆய்வாளரிடம் சொல்லுங்கள்.

கையில் எடுப்பது

சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுதான் பல இடங்களில் இன்றும் பழக்கம். மாற்றிக்கொள்ளுங்கள். வாலைப் பிடித்துத் தூக்கிய சுண்டெலிகளுக்குப் பயம் கூடுவதையும், குழாயில் ஏற்றியோ உள்ளங்கையில் ஏந்தியோ எடுத்தவை அமைதியாக இருப்பதையும் இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தார் 2010இல் காட்டினார்கள். சுண்டெலி நுழையும் அளவுக்கு ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் குழாய் போதும். கூண்டுச் சுவரோரம் அதைக் கிடத்தி, எலியைப் பின்னாலிருந்து மெல்ல ஒதுக்கினால் தானே உள்ளே போகும். இரு முனையையும் கையால் லேசாக மறைத்துத் தூக்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் எலியே குழாயைத் தேடி வரும்.

பெரிய எலியை (ராட்) என்றால் தோளைச் சுற்றிப் பிடித்து, மறு கையால் பின்பக்கத்தைத் தாங்க வேண்டும். நெஞ்சை இறுக்கினால் மூச்சு நின்றுவிடும். பயத்தில்தான் நாம் இறுக்குகிறோம். முதல் வாரம் ஊசி, மருந்து எதுவும் இல்லாமல் தினம் பத்து எலியைச் சும்மா எடுத்து, நிறுத்துப் பார்த்து, விடுங்கள். உங்கள் கைக்கும் பழக்கம், அதற்கும் பழக்கம்.

முயலைக் காதைப் பிடித்துத் தூக்குவதை ஊரில் பார்த்திருப்பீர்கள். இங்கே ஒருபோதும் செய்யாதீர்கள். முயலின் பின்னங்கால் பலம் அதிகம், முதுகெலும்பு மெல்லியது. தாங்கல் இல்லாமல் உதைத்தால் தன் முதுகைத் தானே முறித்துக்கொள்ளும். பிடரித் தோலில் ஒரு கை, புட்டத்துக்குக் கீழே மறு கை, தலை உங்கள் முழங்கைக்குள் புதையட்டும். கண் மறைந்தால் அமைதியாகிவிடும்.

கினிப்பிக் கடிப்பது அபூர்வம், ஆனால் மிரண்டால் கூட்டமாக ஓடி முட்டிக்கொள்ளும். அதற்கு நம்மைப் போலவே வைட்டமின் சி வெளியிலிருந்து வர வேண்டும். எலித் தீனியைப் போட்டு வளர்த்தால் சில வாரத்தில் மூட்டு வீங்கும். குதிரைமசால் போன்ற பசுந்தீவனத்தைக் கழுவிக் கொடுங்கள்.

கூண்டு மாற்றும் நாள்

உமியோ சோளக்கட்டைத் தூளோ எதுவானாலும் ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) 121 டிகிரியில் வைத்து எடுத்த பிறகே கூண்டுக்குப் போகும். மூட்டையாகத் திணித்து வைத்தால் நடுப்பகுதிக்குச் சூடு போகாது, சின்னப் பைகளாகப் பிரியுங்கள். பழைய கூண்டிலிருந்து கூடு கட்டிய காகிதத்தைக் கொஞ்சம் புதிய கூண்டுக்கு மாற்றுங்கள். சிறுநீர் நனைந்த உமியை மாற்றாதீர்கள். கூட்டின் வாசனை ஆண் சுண்டெலிகளின் சண்டையைக் குறைக்கும், சிறுநீர் வாசனை கூட்டும். வளர்ந்த ஆண்களை வேறு வேறு கூண்டிலிருந்து எடுத்து ஒன்றாகப் போடவே கூடாது. இடம் மிச்சம் என்று போட்டால் மறுநாள் முதுகெல்லாம் கடி.

குட்டி போட்ட கூண்டை முதல் சில நாள் தொடாதீர்கள். கூண்டு கார்டு, விலங்கு எப்போதும் சேர்ந்தே போக வேண்டும். விலங்கை மாற்றிவிட்டுக் கார்டைப் பிறகு மாற்றலாம் என்று மேசையில் வைப்பதில்தான் ஆறு மாத ஆய்வு வீணாகும். வாலில் மார்க்கரால் போட்ட கோடு இரண்டு மூன்று நாளில் மங்கிவிடும், மங்குவதற்கு முன் மறுபடி போடுங்கள்.

மருந்தும் ஊசியும்

இதைப் பயிற்சி பெற்றவர் பக்கத்தில் நிற்கத்தான் கற்க வேண்டும், எழுத்தில் கற்க முடியாது. கணக்கை மட்டும் சொல்கிறேன். வாய்வழி மருந்து பொதுவாகக் கிலோவுக்கு 10 மில்லி. 25 கிராம் சுண்டெலிக்கு 0.25 மில்லி, 200 கிராம் எலிக்கு 2 மில்லி. அன்று காலை நிறுத்த எடையை வைத்தே கணக்கிடுங்கள். ரத்தம் எடுக்கும்போது, 25 கிராம் சுண்டெலியின் உடலில் மொத்தமே சுமார் 1.8 மில்லிதான் இருக்கிறது என்பது நினைவில் இருக்கட்டும். அதில் பத்தில் ஒரு பங்கு, 0.18 மில்லி, ஒரு தடவைக்கான எல்லை. "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டால் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

ரிஜிஸ்டரில் நடந்ததை அப்படியே எழுதுங்கள். மருந்து பாதி வெளியே வழிந்துவிட்டால், "பாதி வழிந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். திட்டு விழலாம். பொய்யான ஒரு வரி பிற்பாடு ஒரு நோயாளியின் உடம்பில் போய் முடியலாம்.

கருணைக்கொலை

இந்த வேலையில் இதைத் தவிர்க்க முடியாது. உங்கள் கூடத்தில் அனுமதித்த முறையை மட்டும், பயிற்சிக்குப் பிறகு மட்டும் செய்யுங்கள். எலிகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு என்றால், பெட்டியின் கொள்ளளவில் நிமிடத்துக்கு 30 முதல் 70 சதவீதம் என்ற வேகத்தில் வாயு ஏற வேண்டும். முன்கூட்டியே நிரப்பி வைத்த பெட்டிக்குள் விலங்கைப் போடாதீர்கள். முடிந்தால் அவை வாழ்ந்த கூண்டிலேயே செய்யுங்கள், மற்ற விலங்குகள் இருக்கும் அறையில் வேண்டாம். பிறந்து சில நாளே ஆன குட்டிகள் இந்த வாயுவை நெடுநேரம் தாங்கும், அவற்றுக்கு மருத்துவர் சொல்லும் வேறு முறை வேண்டும். இறந்ததை இரண்டாவது வழியில் உறுதி செய்யாமல் உடலை மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போடாதீர்கள்.

முதல் தடவைக்குப் பிறகு அன்று இரவு சாப்பாடு இறங்காது. சிலருக்குப் பல மாதம் இருக்கும். கூட வேலை செய்பவரிடம் பேசுங்கள். மூன்று மாதம் பேர் வைக்காத குறையாக வளர்த்த விலங்கை நானே முடிக்க முடியாது என்று தோன்றினால், அன்றைக்கு மட்டும் இன்னொருவர் செய்யட்டும் என்று கேட்கலாம். எங்கள் கூடத்தில் இப்படிக் கேட்டவர்களை நாங்கள் யாரும் குறைத்துப் பேசியதில்லை.

அக்கம்பக்கத்தில் "பாவம் இல்லையா?" என்று கேட்பார்கள். நான் உண்மையைச் சொல்லுவேன். எலியைத் தவிர்க்க முடிந்தால் தவிர், எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை என்று 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் வகுத்த மூன்று விதி இருக்கிறது, அதைக் காப்பது என் வேலை என்பேன். அழகுசாதனப் பொருளை விலங்கில் சோதிப்பதை இந்தியா 2014இலேயே தடை செய்துவிட்டதையும் சொல்லுவேன்.

உங்கள் உடம்பு

கடிபட்டால் ரத்தம் வந்தாலும் வராவிட்டாலும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, பதிவேட்டில் எழுதுங்கள். பிறகு சில நாளில் காய்ச்சல், மூட்டுவலி, தடிப்பு வந்தால் டாக்டரிடம் "எலி கடித்தது" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவராகக் கேட்க மாட்டார். குரங்கு அறையில் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள். 1997இல் அமெரிக்காவில் ஓர் இளம்பெண், கூண்டிலிருந்த குரங்கிடமிருந்து ஏதோ ஒரு துளி கண்ணில் தெறித்து, பி வைரஸ் தொற்றி இறந்தார். கடியும் இல்லை, கீறலும் இல்லை.

ஆனால் நம் ஆட்களை அதிகம் வேலையை விட்டு அனுப்புவது ஒவ்வாமைதான். எலியின் சிறுநீரில் உள்ள புரதம் காய்ந்து தூசியோடு மூச்சில் போகிறது. பெரும்பாலும் முதல் மூன்று வருடத்துக்குள் தெரிந்துவிடும். தும்மல், கண் அரிப்பு, அப்புறம் இரவில் இழுப்பு. அழுக்கு உமியைக் கொட்டும் நேரம்தான் மிக மோசம். என்95 முகக்கவசம் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள், லேப் கோட்டை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். சேரும்போது எடுத்த அந்த நுரையீரல் அறிக்கையோடு வருடம் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மேலே படிக்க நினைப்பவர்கள் ஹைதராபாத்தில் ஆய்வக விலங்குகள் பற்றி நடத்தும் பயிற்சிகளை விசாரியுங்கள்.

பண்டிகை டியூட்டி

வருடத் தொடக்கத்தில் காலண்டர் வந்ததும் தீபாவளித் தேதியைப் பாருங்கள். சுண்டெலி ஜோடி சேர்ந்த 19 முதல் 21ஆவது நாளில் குட்டி போடும். வெடிச்சத்தத்தில் மிரண்ட தாய் குட்டிகளைத் தின்றுவிடலாம். அதனால் தீபாவளிக்கு முந்தைய நான்கு வாரமும் ஜோடி சேர்க்காமல் விடுங்கள். வெடியை நம்மால் நிறுத்த முடியாது, ஆனால் அந்த வாரம் குட்டி பிறக்காமல் பார்த்துக்கொள்ள முடியும்.

முதல் நாளே ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். எலக்ட்ரீஷியன், மருத்துவர், மேலதிகாரி மூவரின் எண்ணையும் கதவில் ஒட்டுங்கள். இரவு சுற்றில் வெள்ளை விளக்கைப் போடாதீர்கள், மங்கிய சிவப்பு விளக்கு எலிக்குச் சரியாகத் தெரியாது. காலை டியூட்டிக்கு வருபவர் எண்ணெய் தேய்த்துக் குளித்து, பட்டாசுப் புகை வாசனையோடு வருவார். கூடத்திலும் ஒருமுறை குளித்துவிட்டு உள்ளே போகச் சொல்லுங்கள். போனதும் முதல் வேலை, குழாய் ஒவ்வொன்றின் கீழும் விரல் விட்டுப் பார்ப்பது.